விண்டோஸ் போய்விட்டது, பெயர்ப்பலகை போகவில்லை

விண்டோஸ் 10-ஐ அழிக்க எனக்கு ஆன நேரம் ஒரு நிமிடம்கூட இல்லை. அதன் பெயரை பூட் மெனுவிலிருந்து (கணினி எழும்போது எந்த இயங்குதளம் வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் பட்டியல்) அழிக்க ஆனது மூன்று ராத்திரி. நேற்று நள்ளிரவு தாண்டி எஃப்12 அழுத்திப் பார்த்தேன், மெனுவில் ஒரே ஒரு வரி. நம்பிக்கை வராமல் இன்னும் இரண்டு முறை அணைத்துப் போட்டேன். பிளக்கைப் பிடுங்கிச் செருகியும் பார்த்தேன். அதே ஒரு வரிதான். அந்தச் சந்தோஷம் ஆறுவதற்குள் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

கணினி பற்றிச் சுருக்கமாக: 256 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி, பழைய மடிக்கணினியிலிருந்து கழற்றி மாட்டிய 1 டிபி ஹார்ட் டிஸ்க், யூஇஎஃப்ஐ (மதர்போர்டிலேயே இருந்து கணினியை எழுப்பும் மென்பொருள், அதாவது ஃபார்ம்வேர்), ஜிபிடி (டிஸ்க்கைப் பிரித்துவைக்கும் முறை). எஸ்எஸ்டியில் விண்டோஸ் 10-ம் லினக்ஸ் மின்ட் 21.3-ம் பாதிப் பாதி. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. 11-க்குப் போகலாம் என்றால் என் பிராசஸர் தகுதிப் பட்டியலில் இல்லை. உண்மையைச் சொன்னால், அதற்கு ஏழெட்டு மாதம் முன்பிருந்தே நான் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. ஸ்கேனர் ஒன்றுக்காக வைத்திருந்தேன். அதுவும் மின்ட்டில் ஓட ஆரம்பித்த பிறகு 118 ஜிபி சும்மா கிடந்தது.

அழிக்கும் முன் செய்ததில் இரண்டை மட்டும் சொல்கிறேன். முதலாவது, ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப். அது ஆனில் இருந்தால் விண்டோஸ் முழுதாக அணைவதில்லை, பாதித் தூக்கத்தில் கிடக்கும். லினக்ஸ் பக்கத்திலிருந்து விண்டோஸின் அந்த என்டிஎஃப்எஸ் பார்ட்டிஷனை (டிஸ்க்கின் பிரிவை) திறந்தால் படிக்க மட்டுமே விடும். நான் கோப்புகளை வெளியே நகலெடுக்க மட்டும்தான் போனேன் என்பதால் பரவாயில்லை. ஆனாலும் ஒருமுறை ஷிஃப்டைப் பிடித்துக்கொண்டு ஷட்டவுன் கொடுத்து ஒழுங்காக அணைத்துவிட்டு வந்தேன். இரண்டாவது, எழுத்துருக்கள். பாமினியில் தட்டிய பழைய கோப்புகள் நூற்றுக்கும் மேல் இருக்கின்றன. எழுத்துரு இல்லையென்றால் அவை வெறும் ஆங்கிலக் குப்பை மாதிரித்தான் தெரியும். விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபான்ட்ஸை அள்ளிக்கொண்டு வந்தேன், திறந்தால் பாமினியைக் காணோம். ஒரே பயனருக்கென நிறுவிய எழுத்துருக்கள் அந்தப் பயனரின் ஆப்டேட்டாவுக்குள் வேறொரு ஃபான்ட்ஸ் ஃபோல்டரில் போய் உட்கார்ந்திருக்கும். இதை இரண்டு நாள் கழித்துக் கண்டுபிடித்திருந்தால் என் கதை வேறு.

பிறகு குளோன்ஸில்லாவில் மொத்த எஸ்எஸ்டியையும் வெளி டிஸ்க்குக்கு அச்சு அசல் நகலாக (இமேஜ்) எடுத்துக்கொண்டேன். முதலில் குளோன்ஸில்லாவை ஏற்றிய பென்டிரைவ் எழுதும்போது சரி என்று சொல்லி, படிக்கும்போது பல்லைக் காட்டியது. பரிசாக வரும் பென்டிரைவ்களை இந்த வேலைக்கு நம்பாதீர்கள். இப்போதெல்லாம் பழைய எஸ்எஸ்டி ஒன்றை யூஎஸ்பி பெட்டிக்குள் போட்டு, அதில் வென்டாய் ஏற்றி, எல்லா ஐஎஸ்ஓ-க்களையும் அப்படியே போட்டுவைக்கிறேன். அது தனிக் கதை.

அழித்தது எளிது. ஓடிக்கொண்டிருக்கும் மின்ட்டிலேயே பார்ட்டிஷன்களைத் திருத்தும் ஜிபார்ட்டட்டைத் திறந்தேன். முதல் பார்ட்டிஷன் விண்டோஸின் ரிகவரி, இரண்டாவது பூட் கோப்புகள் இருக்கும் 100 எம்பி இஎஃப்ஐ, மூன்றாவது 16 எம்பி மைக்ரோசாஃப்ட் ரிசர்வ்டு, நான்காவது சி டிரைவ், ஐந்தாவது மின்ட். ஒன்று, மூன்று, நான்கு போயின. இரண்டாவதில் கை வைக்கக் கூடாது. அதை உருவாக்கியது விண்டோஸ் நிறுவி என்பதால் அதுவும் விண்டோஸோடு போக வேண்டியதுதான் என்று தோன்றும். ஆனால் மின்ட்டை எழுப்பும் கிரப்பும் அங்கேதான் குடியிருக்கிறது.

முதல் ரீஸ்டார்ட்டிலேயே அடி. லோகோ வந்து நின்றது, 90 விநாடி அப்படியே நின்றது, பிறகு எமர்ஜென்சி மோடு என்று கறுப்புத் திரை. பின்னால் நின்ற அப்பா, "என்னடா, இருந்ததையும் கெடுத்துட்டியா?" என்றார். "இல்லப்பா, சின்ன விஷயம்" என்றேன், தொண்டை வறண்டுபோய். எஃப்எஸ்டேபில் (எந்தப் பார்ட்டிஷனை எங்கே இணைப்பது என்று லினக்ஸ் பார்க்கும் கோப்பு) சி டிரைவைத் தானாக மவுன்ட் செய்ய ஒரு காலத்தில் நானே எழுதிவைத்த வரி அப்படியே இருந்திருக்கிறது. இல்லாத பார்ட்டிஷனை, லினக்ஸை எழுப்பி நடத்தும் சிஸ்டம்டி ஒன்றரை நிமிடம் தேடிவிட்டுக் கைவிரித்துவிட்டது. அந்த வரியைக் கணக்கில் எடுக்காமலிருக்க அதன் முன்னால் ஒரு ஹாஷ் (#), அவ்வளவுதான். இந்த மாதிரி வரிகளில் 'நோஃபெயில்' (கிடைக்காவிட்டாலும் நிற்காதே) சேர்த்துவைப்பவர்கள் புத்திசாலிகள். நான் இனிமேல்.

இனி பேய்க் கதை.

பூட் மெனுவில் மூன்று வரிகள்: உபுண்டு, விண்டோஸ் பூட் மேனேஜர், மறுபடியும் விண்டோஸ் பூட் மேனேஜர். (மின்ட் போட்டிருந்தாலும் மெனுவில் உபுண்டு என்றுதான் நிற்கும், இஎஃப்ஐ பார்ட்டிஷனிலும் ஃபோல்டர் பெயர் அதுவே. எப்போதோ போட்ட உபுண்டுவின் மிச்சம் என்று நினைத்து அதை அழித்துவிட்டுத் தவித்தவர்கள் உண்டு.) விண்டோஸ் ஏன் இரண்டு தடவை என்று நான் அன்று யோசிக்கவில்லை. மதர்போர்டு உளறுகிறது என்று எடுத்துக்கொண்டேன். யோசித்திருந்தால் முதல் ராத்திரியே தூங்கியிருப்பேன்.

இந்த வரிகள் டிஸ்க்கில் இல்லை, மதர்போர்டில் இருக்கும் ஃபிளாஷ் சிப்பில் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் பூட் 0000, பூட் 0003 என்று நான்கு இலக்க எண், கூடவே பூட்ஆர்டர் என்று ஒரு வரிசை. லினக்ஸில் இவற்றைத் திருத்த இஎஃப்ஐபூட்எம்ஜிஆர் என்று ஒரு கருவி. சிறிய பி போட்டு எண்ணைக் கொடுத்தால் அந்த வரியைத் தேர்ந்தெடுக்கும், பின்னால் பெரிய பி போட்டால் அழிக்கும். இரண்டு பி-க்களையும் குழப்பாமல், எண்ணை இரண்டு தடவை படித்துவிட்டு என்டர் தட்டுங்கள். இந்தக் கருவி வேண்டாம், சிஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் இஎஃப்ஐவார்ஸில் இந்த வரிகள் கோப்புகளாகவே தெரிகின்றனவே, நேராக அழித்துவிடலாமே என்று யாருக்காவது தோன்றினால், வேண்டாம். 2016-ல் கோப்புகளை அழிக்கும் ஆர்எம் கட்டளை அந்த ஃபோல்டர் வரை போய், சில மடிக்கணினிகள் அதற்குப் பிறகு உயிர்பெறவே இல்லை. அதன் பின்தான் லினக்ஸ் கெர்னல் 4.5-லிருந்து அவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் பூட்டுப் போட்டார்கள்.

இரண்டு விண்டோஸ் வரிகளையும் அழித்தேன். பட்டியலைப் போட்டுப் பார்த்தேன், சுத்தம். ரீஸ்டார்ட் செய்தேன். வேதாளம் மறுபடியும் முருங்கைமரத்தில். இரண்டு வரிகளும் திரும்பியிருந்தன, அதுவும் வரிசையில் உபுண்டுவுக்கு மேலே. மறுபடி அழித்தேன், மறுபடி வந்தன. முதல் ராத்திரி அதோடு முடிந்தது.

மறுநாள் அலுவலக வேலைக்கு நடுவே மண்டைக்குள் இதுதான் ஓடியது. பல மதர்போர்டுகளின் ஃபார்ம்வேர் ஒவ்வொரு முறை எழும்போதும் இஎஃப்ஐ பார்ட்டிஷனைத் துழாவும். அங்கே மைக்ரோசாஃப்ட் ஃபோல்டரும் அதற்குள் பூட்எம்ஜிஎஃப்டபிள்யூ கோப்பும் இருந்தால், 'ஓ, விண்டோஸ் இருக்கிறது' என்று தானாகவே வரியைச் சேர்த்துவிடும். சி டிரைவ் இருக்கிறதா இல்லையா என்பதெல்லாம் அதற்குக் கவலையில்லை. வீட்டைக் காலி செய்துவிட்டேன், பெயர்ப்பலகையைக் கழற்றவில்லை.

இரண்டாம் ராத்திரி பூட் இஎஃப்ஐ-க்குள் (எஸ்எஸ்டியின் இஎஃப்ஐ பார்ட்டிஷன் மின்ட்டில் தெரியும் இடம்) போனேன். மூன்று ஃபோல்டர்கள்: பூட், மைக்ரோசாஃப்ட், உபுண்டு. மைக்ரோசாஃப்ட்டை மட்டும் ஓரிடத்துக்கு நகலெடுத்துவிட்டு அழித்தேன். 27 எம்பி விடுதலை. பூட் ஃபோல்டரை விட்டுவைத்தேன். எந்த வரியும் இல்லாதபோது ஃபார்ம்வேர் கடைசியாகப் போய்த் தேடும் இடம் அது, மின்ட் தன் கோப்பை அங்கேயும் வைத்திருக்கிறது. கிரப்பின் மெனுவைப் புதுப்பிக்க அப்டேட்-கிரப் ஓட்டினேன், இஎஃப்ஐபூட்எம்ஜிஆரில் இரண்டையும் அழித்தேன், ரீஸ்டார்ட்.

ஒன்று திரும்பி வந்தது. இரண்டில் ஒன்று. அரைப் பேய்.

இங்கேதான் என் புத்தி கோணலாகப் போனது. இது ஏதோ நினைவில் ஒட்டிக்கொண்ட பழைய வரி, ரீசெட் செய்தால் போய்விடும் என்று முடிவுகட்டினேன். பெட்டியைத் திறந்து, மதர்போர்டில் இருக்கும் காசு வடிவ பேட்டரியைக் கழற்றி, அரை மணி நேரம் காத்திருந்து மாட்டினேன். பூட் வரிகள் ஃபிளாஷில் இருக்கின்றன என்று ஐந்து பத்திக்கு முன்னால் நானே எழுதியிருக்கிறேன் பாருங்கள். மின்சாரம் இல்லாவிட்டாலும் அதில் எழுதியது அழியாது. இது அன்றும் எனக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் கழற்றினேன். பலன்: பேய் அப்படியே இருந்தது, நான் பார்த்துப் பார்த்து வைத்திருந்த ஃபேன் வேகங்கள் எல்லாம் போயின, கடிகாரமும் போனது. கணினி ஜெட் விமானம் போலக் கத்த ஆரம்பித்ததும் உள்ளறையிலிருந்து "அதை அணைச்சிட்டுப் படுடா" என்று குரல் வந்தது. படுத்தேன்.

மூன்றாம் ராத்திரி எந்தக் கட்டளையும் கொடுக்காமல், முதலில் இருப்பதைப் படிப்பது என்று உட்கார்ந்தேன். இஎஃப்ஐபூட்எம்ஜிஆரோடு சிறிய வி சேர்த்தால் ஒவ்வொரு வரியின் பின்னும் அது எந்த டிஸ்க்கின் எந்தப் பார்ட்டிஷனைச் சுட்டுகிறது என்று நீளமாக வரும். எச்டி, அடைப்புக்குறிக்குள் பார்ட்டிஷன் எண், ஜிபிடி, அதற்குப் பின் 32 இலக்க அடையாளம். அந்த நீளத்தைப் பார்த்துத்தான் இரண்டு நாளும் கண்ணை வேறு பக்கம் திருப்பினேன். இந்தத் தடவை பிஎல்கேஐடி கட்டளை கொடுத்து ஒவ்வொரு பார்ட்டிஷனின் அடையாளத்தையும் (பார்ட்யூயூஐடி) எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். முதல் நான்கு எழுத்தைப் பார்த்தாலே போதும். உபுண்டு வரியின் அடையாளம் எஸ்எஸ்டியின் இஎஃப்ஐ பார்ட்டிஷனுடையது. பேயின் அடையாளம் எஸ்எஸ்டியிலேயே இல்லை.

அது எஸ்டிஏ1. அந்த 1 டிபி ஹார்ட் டிஸ்க்கின் முதல் பார்ட்டிஷன்.

மடிக்கணினியிலிருந்து கழற்றி மாட்டியபோது பெரிய பார்ட்டிஷனை மட்டும் ஃபார்மட் செய்து படங்களும் பாட்டும் போட்டுவைத்தேன். முன்னால் இருந்த 100 எம்பி துண்டைப் பார்த்து, 'சின்னதுதானே, கிடக்கட்டும்' என்று விட்டதும் நன்றாக நினைவிருக்கிறது. அதற்குள் மைக்ரோசாஃப்ட் ஃபோல்டர் ஒன்று இத்தனை நாளும் பத்திரமாக இருந்திருக்கிறது. மெனுவில் ஏன் இரண்டு விண்டோஸ் என்ற கேள்விக்கும் அதுதான் பதில். இன்னும் எரிச்சல் என்னவென்றால், முந்தின ராத்திரி அப்டேட்-கிரப் ஓட்டியபோதே, வேறு இயங்குதளங்களைத் தேடும் ஓஎஸ்-புரோபர் 'எஸ்டிஏ1-ல் விண்டோஸ் பூட் மேனேஜர் இருக்கிறது' என்று திரையில் சொல்லியிருக்கிறது. டெர்மினலை மேலே உருட்டிப் பார்த்தேன், அட்சரம் பிசகாமல் இருந்தது. கடைசியில் வரும் 'டன்' என்ற ஒற்றைச் சொல்லை மட்டுமே நான் படிக்கிறேன் போல.

அந்தத் துண்டையே தூக்குவதற்கு முன் எஃப்எஸ்டேபைத் திறந்து, பூட் இஎஃப்ஐ-க்குக் கொடுத்திருக்கும் எட்டு இலக்க யூயூஐடி எஸ்எஸ்டியுடையதுதானா என்று சரிபார்த்தேன். ஒரே கணினியில் இரண்டு இஎஃப்ஐ பார்ட்டிஷன் இருந்தால் லினக்ஸ் நிறுவி எதில் கிரப்பை வைத்தது என்று கண்ணால் பார்க்காமல் கை வைப்பது தற்கொலை. சரியாகவே இருந்தது.

முதலில் மைக்ரோசாஃப்ட் ஃபோல்டரை மட்டும் அழித்துப் பார்க்கலாம் என்று ஒரு ஆசை, பேய்க்கு உண்மையிலேயே அதுதான் காரணமா என்று தெரிந்துகொள்ள. அழித்தேன், ரீஸ்டார்ட். விண்டோஸ் வரி போய்விட்டது, அதன் இடத்தில் 'யூஇஎஃப்ஐ ஓஎஸ்' என்று புதிதாக ஒன்று! அங்கேயும் ஒரு பூட் ஃபோல்டர் இருந்தது. அதில் இருக்கும் பூட்எக்ஸ்64 கோப்பு விண்டோஸின் அதே பூட் கோப்பின் நகல்தான், வேறு பெயரில். ஃபார்ம்வேர் அதைக் கண்டுபிடித்துத் தானே ஒரு பெயரும் சூட்டிவிட்டது. இந்த மதர்போர்டின் விடாமுயற்சியில் கால்வாசி எனக்கு இருந்திருந்தால் எங்கேயோ போயிருப்பேன்.

எஸ்டிஏ1-ஐ மொத்தமாக அழித்தேன். மிச்சமிருந்த வரியை இஎஃப்ஐபூட்எம்ஜிஆரில் அழித்தேன். அப்டேட்-கிரப் ஓட்டி, இந்தத் தடவை ஒவ்வொரு வரியாகப் படித்தேன். ரீஸ்டார்ட். முதல் பத்தியில் சொன்ன ஒற்றை வரி அதுதான்.

மிச்ச வேலைகள் இருக்கின்றன. பேட்டரி புண்ணியத்தால் தப்பான கடிகாரத்தைச் சரிசெய்யும்போது இன்னொன்று நினைவுக்கு வந்தது. விண்டோஸ் வன்பொருள் கடிகாரத்தில் உள்ளூர் நேரத்தை வைக்கும், லினக்ஸ் உலகப் பொது நேரமான யூடிசி வைக்கும். இரண்டும் சண்டை போடாமல் இருக்க மின்ட்டை உள்ளூர் நேரத்துக்கு மாற்றிவைத்திருந்தேன். இனி அது தேவையில்லை என்பதால் டைம்டேட்சிடிஎல்லில் செட்-லோக்கல்-ஆர்டிசி-யை 0 ஆக்கிவிட்டேன்.

பெரிய வேலை அந்த 118 ஜிபி. காலி இடம் மின்ட் பார்ட்டிஷனுக்கு இடப்பக்கம் இருக்கிறது. வலப்பக்கம் இருந்திருந்தால் ஜிபார்ட்டட்டில் ஓரத்தைப் பிடித்து இழுத்தால் முடிந்தது. இடப்பக்கம் என்றால் பார்ட்டிஷனின் ஆரம்பத்தையே நகர்த்த வேண்டும், உள்ளே இருக்கும் தரவு முழுவதும் இடம் மாற வேண்டும், லைவ் பென்டிரைவிலிருந்து செய்ய வேண்டும், நடுவில் மின்சாரம் போனால் சங்குதான். யுபிஎஸ் இல்லாமல் அந்த விளையாட்டு எனக்கு வேண்டாம். காலி இடத்தையே இஎக்ஸ்டி4 (லினக்ஸின் கோப்பு முறை) ஆக்கி, என் கோப்புகள் இருக்கும் ஹோமை அங்கே கொண்டுபோகிறேன். ஃபார்மட் செய்ததும் ட்யூன்2எஃப்எஸ் கொடுத்து, ரூட்டுக்கென (நிர்வாகிக் கணக்கு) வழக்கமாக ஒதுக்கும் 5 சதவீதத்தை 0 ஆக்கினேன். 118-ல் அது கிட்டத்தட்ட 6 ஜிபி, ஹோமுக்கு அந்த ஒதுக்கீடு எதற்கு?

பிடிஆர்எஃப்எஸ் என்ற இன்னொரு கோப்பு முறையைப் போட்டு ஸ்னாப்ஷாட் எடுக்கலாமே என்று ஒரு சபலம் வந்தது. அதை அந்த 1 டிபி டிஸ்க்கில் செய்து பார்க்கிறேன், எப்படியும் அதைக் காலிசெய்து முழுதாக மறுபடி பிரிக்கப் போகிறேன். இந்தத் தடவை 100 எம்பி துண்டு எதையும் விட்டுவைக்கமாட்டேன்.

இதைத் தட்டும்போது ஹோமை நகலெடுக்கும் ஆர்சிங்க் ஓடிக்கொண்டிருக்கிறது. 61 ஜிபி-யில் 44 போயிருக்கிறது. முடிந்ததும் எஃப்எஸ்டேபில் ஹோமுக்குப் புது வரி எழுத வேண்டும், யூயூஐடி-யை இரண்டு தடவை பார்த்து.