அல்சூர் ஏரியைச் சுற்றிய பழைய கார்கள்

பெங்களூரில் பழைய கார்களின் சந்திப்பு. வாணியம்பாடியிலிருந்து விடியும் முன்பே மாமாவின் பிரீமியர் பத்மினி காரில் கிளம்பினோம். 1089 சி.சி. எஞ்சின், ஸ்டியரிங் ஓரத்தில் கியர். கிருஷ்ணகிரியைத் தாண்டினால் ஓசூர் வரை பெரும்பாலும் ஏற்றம்தான். சூளகிரியில் நிறுத்தி, ரேடியேட்டர் ஆறும்வரை டீ குடித்தோம். அத்திப்பள்ளிக்குப் பிறகு வழக்கமான பெங்களூர் நெரிசல்.

அல்சூரில், திருவள்ளுவர் சிலைக்குச் சற்றுத் தள்ளி ஒரு மைதானம். மாருதி 800, அம்பாசடர், கான்டெஸா என்று வரிசை. சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஒன்றும் வந்திருந்தது. அதன் முன்பக்கம் மட்கார்டோடு சேர்ந்து அப்படியே முன்னால் சாய்ந்து திறக்கும். பிள்ளைகள் அதைவிட்டு நகரவே இல்லை. நன்கொடை கொடுத்தால் பிடித்த காரில் ஏறி ஏரியை ஒரு சுற்று வரலாம். எங்கள் பத்மினிக்கு மதியம்வரை ஓய்வில்லை.

பணம் ஒரு குழந்தைக்கு. முதுகுத் தண்டுவடத் தசைநார்ச் சிதைவு நோய். எஸ்.எம்.என்.1 மரபணுவில் பழுது. தசைகளை இயக்கும் நரம்பணுக்கள் அழிகின்றன. கழுத்து நிற்காது, விழுங்க முடியாது, பிறகு மூச்சே சிரமமாகும். ஒரே முறை செலுத்தும் மரபணு மருந்தின் விலை ஏறக்குறைய 16 கோடி ரூபாய். அமெரிக்கா 2019-ல் அனுமதித்தபோது இரண்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு என்றுதான் அனுமதித்தது. அரிய நோய்களுக்கு மத்திய அரசு தரும் உதவியின் உச்சவரம்பு 50 லட்சம். மீதியைப் பெற்றவர்கள் நாட்களை எண்ணியபடி ஊரெல்லாம் கேட்டுத் திரட்ட வேண்டும் என்பது கொடுமை. எனக்கு இன்னும் ஆறவில்லை.

குழந்தையின் படம் மைதானத்தில் எங்கும் இல்லை. குழாய் செருகிய முகத்தைப் பெரிதாக அச்சடித்து வைத்தால் அதிகம் சேரும் என்று யாரோ சொன்னார்களாம். ஏற்பாடு செய்த இளைஞர்கள் மறுத்துவிட்டார்கள். கியூஆர் அட்டை வழியாகச் செலுத்திய பணம் நேராக மருத்துவமனைக் கணக்குக்குப் போனது. இரண்டுமே சரியான முடிவு என்பேன்.

குழந்தையின் அப்பா எங்கள் வண்டியில் ஒரு சுற்று வந்தார். நோயைப் பற்றிப் பேசவில்லை. "அண்ணா, எங்கள் தாத்தா வீட்டிலும் இதே வண்டி இருந்தது. இந்த கியரை நான் போடட்டுமா?" என்றார். மாமா ஓட்டுநர் இருக்கையையே கொடுத்துவிட்டார்.

அடுத்த சந்திப்பு ஓசூரில். வண்டி வைத்திருப்பவர்கள் கொண்டுவாருங்கள். இல்லாதவர்களும் வாருங்கள், ஏறி உட்கார ஆள் வேண்டும்.