உறக்கத்திலும் ஓடும் மூச்சு: சில நாட்களின் குறிப்பு

ஜூலை 4, 2024, வியாழன்

நேற்றுக் காலை என் பித்தப்பையை எடுத்துவிட்டார்கள். வயிற்றில் நான்கு சிறு துளைகள், அவற்றின் மேல் நான்கு பிளாஸ்திரிகள். வெளியே தெரிவது அவ்வளவுதான். மறந்துபோகும் முன் ஒன்றைக் குறித்துவைத்துவிட வேண்டும் என்பதற்காகவே படுக்கையில் சாய்ந்தபடி எழுதுகிறேன்.

மயக்க மருத்துவர் முகத்தில் மாஸ்க்கை வைத்து, "மூச்சை நன்றாக உள்ளே இழுங்கள்" என்றார். இழுத்தேன். இழுத்த அந்த மூச்சை வெளியே விட்டது நினைவில் இல்லை. அடுத்து நான் அறிந்தது, யாரோ என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதும் என் தொண்டை எரிந்ததும்தான். இடையில் இரண்டு மணி நேரம் போயிருந்தது. உறங்கி எழும்போது, இவ்வளவு நேரம் உறங்கியிருப்போம் என்ற மங்கலான கணக்கு ஒன்று கூடவே எழும். நேற்று அந்தக் கணக்குகூட எழவில்லை. உள்ளே இழுத்த பூரகம் அந்தக் கரையில், தொண்டை எரிச்சல் இந்தக் கரையில், நடுவே ஆறே இல்லை.

மாலையில் மருத்துவர் வந்தபோது, அந்த இரண்டு மணி நேரமும் நான் எப்படி மூச்சு விட்டேன் என்று கேட்டேன். தசைகளைத் தளர்த்தும் மருந்தைக் கொடுத்தபின் மூச்சுக்கான தசைகளும் இயங்காது, அதனால் மூச்சுக்குழாய்க்குள் ஒரு குழாயைச் செலுத்தி வென்டிலேட்டரோடு இணைத்துவிடுவார்கள் என்றார். தொண்டை எரிச்சல் அந்தக் குழாய் விட்டுப்போன தடமாம். "பயப்பட ஒன்றுமில்லை, எல்லாருக்கும் அப்படித்தான்" என்றும் சொன்னார். நான் பயந்து கேட்கவில்லை. பல ஆண்டுகளாக விடியற்காலையில் உட்கார்ந்து மூச்சைப் பயின்று, மூச்சே உயிர், உயிரே நான் என்று ஏறக்குறைய நம்பிவிட்ட ஒருவருக்கு, இரண்டு மணி நேரம் தன் மூச்சை ஓர் இயந்திரம் விட்டது என்ற செய்தி சாதாரணமானது அன்று.

ஜூலை 5, வெள்ளி

காலையிலிருந்து மூன்று பேர் வந்து, "வாயு பிரிந்ததா?" என்று கேட்டுவிட்டார்கள். குடல் மறுபடி இயங்கத் தொடங்கியதா என்பதை அறிய இதுவே எளிய வழியாம். உடம்பை இயக்குவதாக யோக நூல்கள் சொல்லும் பத்து வாயுக்களின் பெயர்களைப் பிராணன், அபானன், வியானன், உதானன், சமானன், நாகன், கூர்மன், கிருகரன், தேவதத்தன், தனஞ்செயன் என்று மனப்பாடமாகச் சொல்லத் தெரிந்தவன் நான். அவற்றுள் கீழ்நோக்கி வெளியேறும் அபானனுக்காக இத்தனை பேர் ஆவலோடு காத்திருந்து பார்த்ததில்லை. பதினொரு மணிக்கு அவன் வந்தான். அறையே மகிழ்ந்தது.

வலது தோளில் நல்ல வலி. தோளை யாரும் தொடவில்லையே என்றேன். வயிற்றை உப்பவைத்து வேலை செய்வதற்காகக் கரியமில வாயுவைச் செலுத்துவார்களாம். அது உதரவிதானத்தை உறுத்த, அங்கிருந்து வரும் நரம்பும் தோளின் நரம்பும் கழுத்துத் தண்டுவடத்தில் ஒரே இடத்தில் சேர்வதால், உறுத்தல் தோள்வலியாகத் தெரிகிறதாம். எஞ்சிய வாயு ரத்தத்தில் கரைந்து நுரையீரல் வழியாக வெளியேறிவிடும், இரண்டு மூன்று நாளில் சரியாகும் என்றார் செவிலியர். உறுத்தல் ஓரிடத்தில், வலி வேறோரிடத்தில். புலன் சொல்வதை அப்படியே நம்பி நான் தோளைத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

ஜூலை 7, ஞாயிறு

வீடு வந்தாயிற்று. கையோடு ஒரு மூச்சுப் பயிற்சிக் கருவியையும் கொடுத்தனுப்பினார்கள். ஒன்றோடொன்று ஒட்டிய மூன்று பிளாஸ்டிக் கூண்டுகள், ஒவ்வொன்றிலும் ஒரு பந்து, பக்கவாட்டில் ஒரு குழாய். குழாயில் வாய் வைத்து இழுத்தால் முதலில் ஒரு பந்து எழும். வேகமாக இழுத்தால் இரண்டாவது. இன்னும் வேகமாக இழுத்தால் மூன்றாவது. கூண்டுகளின் மேல் 600, 900, 1200 என்று அச்சிட்டிருக்கிறது. விநாடிக்கு இத்தனை மில்லிலிட்டர் காற்று என்பது கணக்கு. எழுந்த பந்தைச் சற்று நேரம் மேலேயே நிறுத்தி வைக்க வேண்டும். இடப்பக்கம் பதினாறு மாத்திரை இழுக்கும் பூரகம், அறுபத்து நான்கு அடக்கும் கும்பகம், முப்பத்திரண்டு வெளிவிடும் இரேசகம் என்று திருமூலர் கணக்கிட்டுக் கொடுத்ததைப் பயின்ற எனக்கு இது விளையாட்டுப் பொருளாகத் தெரிந்தது. இழுத்தேன். முதல் பந்து எழுந்தது. இரண்டாவது பாதி தூரம் எழுந்து, நடுங்கி, விழுந்துவிட்டது. மூன்றாவது பந்து அசையவே இல்லை.

ஜூலை 10, புதன்

வலி குறைந்திருக்கிறது, படிக்க முடிகிறது. சைவ சித்தாந்தத்தின் அடிப்படை நூலான சிவஞானபோதத்தின் மூன்றாம் சூத்திரத்தை எடுத்து வைத்துக்கொண்டேன். பதின்மூன்றாம் நூற்றாண்டில் மெய்கண்டார் இயற்றிய நூலில் மொத்தமே பன்னிரண்டு சூத்திரங்கள். உடம்புக்குள் அதற்கு வேறாய் ஆன்மா ஒன்று உண்டு என்பதற்கு மூன்றாம் சூத்திரம் நான்கே வரிகளில் ஏழு காரணங்களை அடுக்குகிறது. 'உளது இலது என்றலின்' என்பது முதலாவது: ஆன்மா இல்லை என்று சொல்வதற்கும் ஒன்று இருந்தாக வேண்டும். 'எனது உடல் என்றலின்' என்பது இரண்டாவது: என் வீடு என்பதைப் போல என் உடல் என்கிறோம், ஆகவே சொல்பவன் வேறு.

இந்த இரண்டாவது காரணம் எனக்கு எப்போதுமே நெருடல்தான். என் உடல் என்பதால் நான் உடல் அல்லன் என்றால், என் உயிர் என்றும்தானே சொல்கிறோம், அப்போது நான் உயிரும் அல்லனா? இராகு என்பதே தலைதான், ஆனாலும் இராகுவினது தலை என்பதில்லையா, அதுபோன்ற வழக்கு இது என்று விடை சொல்வார்கள். விடை சரிதான்; ஆனால் அதே விடையை எதிர்த்தரப்பும் உடலுக்குச் சொல்லிவிட்டுப் போகலாம். பேச்சு வழக்கை மட்டும் நம்பி இவ்வளவு பெரிய வீட்டைக் கட்ட முடியாது என்பது என் எண்ணம்.

என்னை நிறுத்தியது ஐந்தாவது காரணம்: 'கண்படில் உண்டிவினை இன்மையின்'. கண்படுதல் என்றால் உறங்குதல். உண்டி என்பது இங்கே சோறு அன்று, நுகர்ச்சி. உறங்குபவனிடம் மூச்சு தவறாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆனால் இன்ப துன்ப நுகர்ச்சியும் இல்லை, செயலும் இல்லை. பிராணவாயுவே ஆன்மா என்றால், அது விழித்து ஓடிக்கொண்டிருக்கும்போது அறிவும் விழித்திருக்க வேண்டும் அல்லவா? ஓட்டம் இருந்தும் அறிவு இல்லை. ஆதலால் அறிவது வேறு, ஓடுவது வேறு. பலமுறை படித்த வரிதான். மற்றவர்களின் உறக்கத்தை நினைத்துக்கொண்டே இதுவரை படித்திருக்கிறேன் என்பது இப்போதுதான் உறைத்தது.

ஜூலை 11, வியாழன்

நான்காம் தேதி எழுதியதில் ஒரு பிழை. மூச்சை இயந்திரம் விட்டது என்ற உடனே, என் பிராணனையே அது எடுத்துக்கொண்டது போல எழுதிவிட்டேன். மூக்கில் நுழைந்து வெளியேறும் காற்றும் பிராணனும் ஒன்று அல்ல என்று பழைய நூல்களில் படித்திருந்தும் மறந்துவிட்டேன். காற்றை இயக்கும் ஆற்றல்தான் பிராணன், அதுவும் பத்துத் தொழில்களாகப் பிரிந்து உடம்பெங்கும் வேலை செய்வது. இயந்திரம் ஏற்றுக்கொண்டது காற்றைத் தள்ளும் வேலையை மட்டுமே. ரத்த ஓட்டம் நிற்கவில்லை. அது வியானனின் வேலை. வெட்டிய இடத்தில் ரத்தம் உறைந்தது. புண் ஆறுவதற்கான ஏற்பாடுகள் கத்தி எடுத்த கணத்திலேயே தொடங்கிவிட்டன.

ஆனால் பிழையைத் திருத்தியதும் விஷயம் இன்னும் கூர்மையாகிவிட்டது. பிராணன் அங்கே இல்லாமல் போயிருந்தால், அதனால்தான் நானும் அறியவில்லை என்று சமாதானம் சொல்லிக்கொண்டிருக்கலாம். அது முழு விழிப்போடு வேலை செய்துகொண்டிருந்தது. நான்தான் இல்லை.

ஜூலை 14, ஞாயிறு

சித்தாந்த வகுப்பு எடுக்கும் ஐயா பார்க்க வந்திருந்தார். பாடம் சொல்லும் குரலை வீட்டிலும் மாற்றிக்கொள்ளத் தெரியாதவர். நடந்ததைச் சொன்னேன்.

"ஐயா, அந்த இரண்டு மணி நேரம் நான் எங்கே இருந்தேன்?"

"எங்கே இருந்தேன் என்று கேட்காதீர்கள். எதோடு இருந்தேன் என்று கேளுங்கள்" என்றார்.

பிறகு அரசன் உவமையை எடுத்தார். அமைச்சரும் படையும் சூழ உலா வந்த அரசன் அரண்மனைக்குள் திரும்பும்போது, ஒவ்வொரு வாயிலிலும் சிலரை நிறுத்திவிட்டு, கடைசியில் அந்தப்புரத்துக்குள் தனியாகப் போவான். ஆன்மாவும் அப்படியே. விழிப்பில் புருவ நடுவில், அறிவதற்கும் செயல்படுவதற்கும் உதவும் முப்பத்தைந்து கருவிகளோடு நிற்கிறது. கனவில் கண்டத்தில், அதாவது கழுத்தில், இருபத்தைந்தோடு. சுழுத்தி என்னும் ஆழ்ந்த உறக்கத்தில் இதயத்தில் சித்தம், பிராணன், நுகர்பவனாக நிற்கும் ஆன்மாவான புருடன் என்று மூன்று. அதற்கும் கீழான துரியத்தில் உந்தியில், அதாவது தொப்புளில், பிராணனும் புருடனும் மட்டும். அதையும் கடந்த துரியாதீதத்தில் முதுகந்தண்டின் அடியிலுள்ள மூலாதாரத்தில் புருடன் தனித்து. இந்தத் துரியத்தை வேதாந்தம் சொல்லும் நான்காம் நிலையான துரியத்தோடு குழப்பிக்கொண்டு பரவசப்படுபவர்கள் உண்டு. அது ஏற்றம், இந்தக் கீழாலவத்தை (கீழிறங்கும் நிலை) ஒவ்வொரு வாயிலாக இருட்டுக்குள் இறங்குவது.

என்னுடையதை எந்த அவத்தை என்று சொல்லலாம் என்று கேட்டேன். அவர் சிரித்து, மருந்து கொடுத்து உண்டாக்கியதற்கெல்லாம் நூலில் இடம் தேடாதீர்கள் என்றார். அந்தக் கண்டிப்பு எனக்குப் பிடித்திருந்தது. அவர் போனபின்பும் அந்தக் கணக்கை விட முடியவில்லை: கடைசி வாயிலுக்கு முந்தைய வாயில்வரை துணையாக வருவது பிராணன், அதற்குள் அதற்கு அனுமதி இல்லை. துணையை ஆள் என்று எண்ணியிருந்தேன்.

ஜூலை 16, செவ்வாய்

மறுப்பையும் எழுதிவைப்பதே நேர்மை. ஒரு ரசாயனம் மூளையைத் தொட்டதும் அறிபவன் அணைந்துவிட்டான் என்றால், அறிபவன் மூளைதான் என்று முடித்துவிடலாமே. உடலுக்கு வேறாக ஒன்று எதற்கு? சித்தாந்தம் தரும் விடை கண்ணின் உவமை. இருட்டில் கண் இருக்கிறது, பார்வை இல்லை. விளக்கை அணைத்தவன் கண்ணைப் பிடுங்கவில்லை. மருந்து தொட்டது கருவியை. இது நிரூபணம் ஆகிவிடாது என்பதை நான் அறிவேன். நடந்ததோடு முரண்படாத விளக்கம், அவ்வளவுதான். ஆனால் இந்த விளக்கத்துக்கு ஒரு விலை உண்டு. விளக்கு இல்லாமல் காணாத கண், தானே ஒளி என்று சொல்லிக்கொள்ள முடியாது. ஆறாவது காரணம் 'உணர்த்த உணர்தலின்' சொல்வதும் இதையே: ஆன்மா உணர்த்தினால்தான் உணரும், ஆகவே அது பரம்பொருள் அன்று. பல ஆண்டுகளாகக் கண்ணை மூடிக்கொண்டு, நான் தூய அறிவு, நான் எப்போதும் விழித்திருக்கும் சாட்சி என்று எண்ணியிருக்கிறேன். சாட்சிக்கு மூன்றாம் தேதி காலை நடந்தது எதுவும் தெரியாது.

அந்த வெறுமைக்குச் சித்தாந்தம் வைத்திருக்கும் பெயர் ஆணவம். செருக்கு என்ற பொருளில் மட்டும் அந்தச் சொல்லைப் புழங்கி வந்த எனக்கு, அது முதலில் இருள் என்பது இப்போதுதான் பழகிய பொருளாகிறது.

ஜூலை 21, ஞாயிறு

இன்று முதல் முறையாகத் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தேன். கும்பகம் இப்போதைக்கு வேண்டாம் என்று நானே முடிவு செய்துகொண்டேன். மூச்சை எண்ண மட்டும் செய்தேன். நிமிடத்துக்குப் பதினைந்து. நாளொன்றுக்கு 21,600 மூச்சு என்ற யோக நூல்களின் கணக்கை வகுத்துப் பார்த்தால் சரியாக நிமிடத்துக்குப் பதினைந்துதான் வருகிறது. ஓய்வில் இருப்பவருக்குப் பன்னிரண்டு முதல் இருபது வரை என்கிறது மருத்துவம். எண்ணத் தொடங்கியதும் மூச்சின் நடை மாறுவது தெரிந்தது. பார்ப்பதாகத் தெரிந்தால் நிமிர்ந்து நடக்கும் சிறுவனைப் போல.

உடம்பு நான் அல்லன், பிராணனும் நான் அல்லன் என்று முடிவாகிவிட்டால், அடுத்து உடம்பை இழிவாக நினைக்கும் பழைய வழுக்கு காத்திருக்கிறது. திருமூலரும் முதலில் வழுக்கியவர்தான். உடம்பினை முன்னம் இழுக்கென்று இருந்தேன் என்று அவரே ஒப்புக்கொள்கிறார். அதற்கு முந்தைய பாட்டில் 'உடம்பார் அழியில் உயிரார் அழிவர்' என்கிறார். இறைவனாகிய பதியும் உயிராகிய பசுவும் கட்டாகிய பாசமும் அனாதி என்று சொல்பவர், உயிர் அழியும் என்று எப்படிச் சொன்னார்? கருவி போனால் அறிவதற்கான வாய்ப்பும் போகிறது, மெய்ஞ்ஞானம் சேராது என்று அடுத்த வரியே விளக்கிவிடுகிறது. என் காதில் விழுந்து நிற்பது அந்த 'ஆர்'. உடம்பார், உயிரார் என்று இருவருக்கும் சமமாக ஒரு மரியாதை. நான் இல்லாத இரண்டு மணி நேரம் கடையைத் திறந்து வைத்திருந்தவருக்கு அந்த மரியாதை கூடுதல் அன்று.

ஜூலை 24, புதன்

மறுபரிசோதனைக்குப் போய் வந்தேன். துளைகள் மூடிவிட்டன. பித்தப்பை இல்லாததால், கல்லீரலில் சுரக்கும் பித்தநீர் சேமித்து வைக்கப்படாமல் நேரே குடலுக்குப் போகிறது. உடம்பு என்னைக் கேட்காமலேயே புது ஏற்பாட்டுக்குப் பழகிக்கொண்டுவிட்டது. மூன்றாவது பந்து இன்று எழுந்தது. ஒரு விநாடிகூட நிற்கவில்லை.

கிளம்பும்போது செவிலியர் மேசை இழுப்பறையிலிருந்து மூடியிட்ட ஒரு சிறு புட்டியை எடுத்து, "இது உங்களுடையது, அன்றைக்கே கொடுத்திருக்க வேண்டும்" என்றார். உள்ளே மிளகு அளவில் பழுப்புநிறக் கற்கள், ஏழு. ஒன்றில் மட்டும் பட்டை தீட்டியது போன்ற முகங்கள். பைக்குள் நெருக்கிக் கிடந்ததால் ஒன்றோடொன்று உரசி அப்படி ஆகுமாம். பல காலம் என் மூச்சோடு ஏறி இறங்கி, எனக்குத் தெரியாமலேயே வளர்ந்தவை.

வாங்கிக்கொண்டு, "நன்றி, இது என்னுடையதுதான்" என்று சொன்ன பிறகுதான் நான் சொன்னது என் காதில் விழுந்தது. புட்டி இப்போது மேசைமேல், சூத்திரப் புத்தகத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. எறியவும் இல்லை, எடுத்து வைக்கவும் இல்லை.