தங்கையின் முகவீக்கமும் ஸ்டீராய்டு ஊசியும்

கோயம்புத்தூரில் கீழ்த்தாடையைச் சரிசெய்யும் அறுவை சிகிச்சை முடிந்து, மூன்றாம் நாள் வேலந்தாவளம் வழியாகப் பாலக்காட்டுச் சித்தூருக்கு வந்த தங்கையைக் கண்ட அம்மா, ஊசி போட்டும் முகம் இப்படி வீங்கியிருக்கிறதே என்று அழுதுவிட்டார். டெக்ஸாமெத்தசோன் என்னும் ஸ்டீராய்டு, அழற்சியைத் தூண்டும் புரோஸ்டாகிளாண்டின் போன்ற பொருள்கள் உருவாவதைத் தடுத்து, இரத்தக் குழாய்களிலிருந்து திசுக்களுக்குள் நீர் கசிவதைக் குறைப்பதால்தான், கத்தி வைப்பதற்கு முன்பே அதை இரத்தக் குழாய் (சிரை) வழியாகச் செலுத்துகிறார்கள். ஆனாலும் வீக்கம் 48 முதல் 72 மணி நேரத்தில் உச்சத்தை எட்டிய பிறகே தணியத் தொடங்கும். மருந்து அதைக் குறைக்குமே தவிர, இல்லாமல் ஆக்காது. இதை வீட்டாருக்கு முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். இம்மருந்து இரத்தச் சர்க்கரையை ஏற்றும் என்பதால், சர்க்கரை நோயாளிகள் மருத்துவரிடம் அதை மறைக்கவே கூடாது. இரண்டு தலையணைகளில் சாய்ந்தபடி, சிரிஞ்சால் உதட்டோரம் கஞ்சித்தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தவள், ஆறாம் நாள் தானாகவே கண்ணாடியைக் கேட்டாள்.