குளியலறை எப்போது முடியும்?

ஜூன் 3
பழைய டைல்ஸை உடைத்து முடித்தாயிற்று. பைப்புக்கும் ஒயருக்கும் சுவரில் காடி வெட்டிவிட்டார்கள். இடிக்கிற வேலைக்கு மட்டும் எந்தக் காண்ட்ராக்டரும் சுணங்குவதில்லை. இடித்துப் போட்ட வீட்டுக்காரர் வேறு ஆளைத் தேடிப் போகமாட்டார் என்று தெரியும்.

ஜூன் 7
பிளம்பர் வரவில்லை. "நாளைக்குக் காலையில ஆள் நிப்பான் சார்" என்றார் காண்ட்ராக்டர். காலையில் அவர் போனை எடுக்கவில்லை. பைப் போடாமல் காடியை மூட முடியாது, காடியை மூடாமல் பூச முடியாது, பூசாமல் டைல்ஸ்காரருக்கு இங்கே வேலை இல்லை. அவர்களும் சும்மா உட்கார்ந்திருப்பார்களா? வேறு வேலை பிடித்துவிடுவார்கள். அப்புறம் பிளம்பர் வந்தாலும் அவர்கள் கிடைக்கமாட்டார்கள். இரண்டு நாள் தாமதம் இரண்டு வாரமாவது இப்படித்தான்.

ஜூன் 11
ஒருவழியாகப் பிளம்பர் வந்தார். இன்னொரு வீட்டில் மாட்டிக்கொண்டாராம். அதுவும் இதே காண்ட்ராக்டர் எடுத்த வேலைதான். எந்த வீட்டுக்காரர் அதிகம் சத்தம் போடுகிறாரோ, அங்கே ஆள் போகிறது போலிருக்கிறது.

பைப் லைனில் பிரஷர் ஏற்றிப் பார்க்காமல் காடியை மூடக்கூடாது என்று நின்றேன். ஏற்றினார். மீட்டர் முள் மெல்ல இறங்கியது. தேடினால், ஷவருக்குப் போகும் எல்போவின் (பைப் வளைகிற இணைப்பு) அடியில் ஒரு சொட்டு திரண்டு நிற்கிறது. வெட்டி மாற்றி மறுபடி ஏற்றியதும் முள் அசையவில்லை.

ஜூன் 12
காண்ட்ராக்டர் அடுத்த தவணை கேட்டார். பூச்சு முடிந்ததும் என்றுதான் ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறது. தேதி எதுவும் இல்லை. பூச்சு இன்னும் தொடங்கவே இல்லை. "லேபருக்குக் கூலி கொடுக்கணும் சார்" என்றார். சிமெண்டுக்கும் மணலுக்கும் நானே கடையில் கட்டிவிடுகிறேன், தவணை மட்டும் பூச்சு முடிந்த பிறகுதான் என்றேன். முகம் சுருங்கியது. ஆனால் மறுநாளே கொத்தனார் வந்துவிட்டார்!

ஜூன் 17
பூச்சு முடிந்தது. இப்போது அவசரம் காண்ட்ராக்டருக்கு. நாளைக்கே வாட்டர்புரூஃபிங் அடித்துவிடலாமாம். 7 நாளாவது பூச்சுக்குத் தண்ணீர் விட வேண்டும் என்றேன். சிமெண்ட் காய்ந்து இறுகுகிற சரக்கு இல்லை, தண்ணீரோடு சேர்ந்து வினைபுரிந்து இறுகுவது. ஈரம் சீக்கிரம் போனால் அந்த வினை பாதியில் நிற்கும், பூச்சு பலமில்லாமல் விரிசல் விடும். கொத்தனார் என் பக்கம்: "சுவரு தண்ணி குடிக்கட்டும், விடுங்க."

காத்திருப்பதில் எனக்கு வருத்தமில்லை. சிமெண்ட் கேட்கிற நாளும் காண்ட்ராக்டர் கேட்கிற நாளும் ஒன்றா? இந்த வாரத்தையும் "வீட்டுக்காரரால் தாமதம்" என்று அவர் எழுதி வைத்திருக்கிறார், அதுதான் வேடிக்கை.

ஜூலை 1
வாட்டர்புரூஃபிங் இரண்டு கோட்டும் காய்ந்தது. கசிகிறதா என்று பார்க்க வடிகாலை அடைத்துத் தரையில் தண்ணீர் தேக்கி, மட்டத்தைச் சாக்பீஸால் குறித்தேன். 48 மணி நேரம் நிற்க வேண்டும். கீழ்வீட்டுக் கூரையை டார்ச் அடித்துப் பார்த்தேன், ஈரம் இல்லை.

ஜூலை 9
டைல்ஸ் ஒட்டியாயிற்று. ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றினால் வடிகாலுக்குப் போகாமல் மூலையில் தேங்குகிறது. கிரவுட் போட்டால் சரியாகிவிடும் என்றார் டைல்ஸ்காரர். கிரவுட் இடுக்கை நிரப்பும், சரிவை எப்படித் தரும்? அந்த மூலையைப் பெயர்த்து மறுபடி ஒட்டச் சொன்னேன். இன்னும் சில நாள் போகும், போகட்டும்.

ஜூலை 15
தண்ணீர் ஒழுங்காக வடிகிறது. கதவு அடியில் உரசுகிறது, எக்ஸாஸ்ட் ஃபேனுக்கு மூடி வரவில்லை, ஒரு சுவிட்ச் பெட்டி கோணலாக நிற்கிறது. மூன்றையும் போட்டோ எடுத்துக் காண்ட்ராக்டருக்கு அனுப்பினேன். கடைசித் தவணை என்னிடம் இருப்பதால் இந்த முறை உடனே பதில் வந்தது. கதவு இழைக்க ஆசாரி சனிக்கிழமை வருகிறாராம்.