மூடித் திறந்தால் வைஃபை காணோம்: ஒரு லேப்டாப்போடு கோத்தகிரிக்கும் கோவைக்கும் அலைந்த கதை

முதலிலேயே விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். லேப்டாப்பை மூடி வைத்துவிட்டுத் திறந்தால் வைஃபை வரவில்லை, ரீஸ்டார்ட் செய்தால் உடனே வந்துவிடுகிறது, அதே நேரத்தில் வீட்டில் உள்ள ஃபோன்களில் நெட் ஒழுங்காக ஓடுகிறது என்றால், கோளாறு ரவுட்டரிலும் இல்லை, ஃபைபர் லைனிலும் இல்லை. மழைக்கும் பனிக்கும் இதில் சம்பந்தமே கிடையாது. ரவுட்டரை மாத்திடலாம், விண்டோஸைப் புதுசா போட்டுடலாம் என்று யார் சொன்னாலும் "கொஞ்சம் பொறுங்க" என்று சொல்லி லேப்டாப்பைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். இதைத் தெரிந்துகொள்வதற்குள் எனக்கு ஒரு மழைக்காலமே போய்விட்டது. அந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

கோத்தகிரியில் வீட்டிலிருந்தே சில கடைகளுக்கும் ஒரு தேயிலைத் தொழிற்சாலைக்கும் ஜிஎஸ்டி கணக்கு பார்க்கிறேன். ஐப்பசி, கார்த்திகையில் நம் பக்கம் மழை எப்படி இருக்கும் என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தோட்டத்து சில்வர் ஓக் கிளை ஒன்று கம்பி மேல் விழுந்தால் போதும், கரண்ட் எப்போது திரும்பும் என்று யாராலும் சொல்ல முடியாது. கரண்ட் போன உடனே லேப்டாப்பை மூடிச் சார்ஜை மிச்சம் பிடிப்பதும், தேவைப்படும்போது திறந்து அவசர வேலையை மட்டும் முடிப்பதும் இங்கே எல்லோருக்கும் பழக்கம்தான். ரவுட்டர் இன்வர்ட்டரில் ஓடிக்கொண்டிருக்கும். ஆகவே திறந்தால் நெட் இருக்க வேண்டும், ஆனால் இருக்காது.

வலது கீழ் மூலையில் வைஃபை குறி இருக்க வேண்டிய இடத்தில் ஓர் உருண்டையும் அதன் ஓரத்தில் தடைக் குறியும் இருந்தன. அதை அழுத்தினால் வைஃபை பொத்தானே காணோம், ஏர்பிளேன் மோட் மட்டும் நிற்கிறது. புளூடூத்தும் போய்விட்டதால் மவுஸும் அசையவில்லை. இந்தப் புளூடூத் விஷயத்தைக் கவனித்து வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான லேப்டாப்களில் வைஃபையும் புளூடூத்தும் ஒரே சிறிய கார்டில்தான் இருக்கும். இரண்டும் சேர்ந்து காணாமல் போனால் அந்தக் கார்டே எழுந்திருக்கவில்லை என்று அர்த்தம். இதை யாராவது முதல் நாளே சொல்லியிருந்தால் எனக்கு ஒரு கோவைப் பயணம் மிச்சமாகியிருக்கும்.

இதுவும் 20ஆம் தேதி பார்த்துத்தான் நடக்கும். மாதாமாதம் 3பி என்ற ஜிஎஸ்டி படிவத்தைத் தாக்கல் செய்கிறவர்களுக்கு அதுதான் கடைசி நாள், தவறினால் நாளொன்றுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம். போர்ட்டலில் பாதி வேலையில் கரண்ட் போய், மூடி, திறந்து, வைஃபை இல்லாமல், டேலியையும் எக்செலையும் சேமித்து மூடிவிட்டு ரீஸ்டார்ட் செய்து, மறுபடியும் ஓடிபி வாங்கி உள்ளே போவதற்குள் பேட்டரி பாதி காலி.

லைன்காரரைக் கூப்பிட்டேன். அவர் பாவம், மழையில் வந்தார், ஃபைபர் முனையைத் துடைத்துப் போட்டார், ரவுட்டரைக்கூட மாற்றிப் பார்த்தார். "ஈரம் எறங்கியிருக்குதுங்க அக்கா, இந்த ஊர்ல எல்லாம் அப்படித்தான்" என்றார். அவர் எதிரிலேயே என் ஃபோனில் நெட் ஓடிக்கொண்டிருந்தது. நம் மலையில் எந்த மெஷின் நின்றாலும் பனி மேல் பழி போடுவது வழக்கமாகிவிட்டது. உண்மையான காரணத்தைத் தேடும் வேலை அதோடு நின்றுவிடுகிறது, அதுதான் எனக்கு வருத்தம்.

அடுத்து குன்னூரில் ஒரு கடை. பார்த்த உடனே "ஓஎஸ் அடிக்கணும்" என்றார்கள், அதாவது விண்டோஸை அழித்துப் புதிதாகப் போட வேண்டுமாம். ஏன் என்று கேட்டதற்குப் பதில் இல்லை. கணக்கு மொத்தமும் இருக்கிற மெஷினை அப்படிக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை, திரும்பி வந்துவிட்டேன்.

நெட்டில் பார்த்தால் எல்லோரும் ஒரே வைத்தியம்தான் சொல்கிறார்கள்: லேப்டாப்பின் பாகங்களைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரைத் திறந்து, நெட்வொர்க் அடாப்டர்ஸ் என்பதன் கீழ் வைஃபை கார்டின் பிராப்பர்ட்டீஸுக்குப் போய், பவர் மேனேஜ்மென்ட் என்ற தாவலில் "மின்சாரம் மிச்சம் பிடிக்க இந்தச் சாதனத்தை அணைக்கலாம்" என்ற டிக்கை எடுத்துவிடு. பழைய லேப்டாப்களில் இது பலருக்குப் பலன் தந்திருக்கிறது, ஆகவே உங்களுக்கு அந்தத் தாவல் இருந்தால் முதலில் இதைச் செய்துவிடுங்கள். என்னுடையதில் அந்தத் தாவலே இல்லை. ஏன் இல்லை என்று அப்போது தெரியவில்லை. சரி, சர்வீஸ் சென்டரிலேயே கேட்டுவிடலாம் என்று கிளம்பினேன்.

காலை முதல் பஸ் பிடித்து, அரவேனு, குஞ்சப்பனை தாண்டி மேட்டுப்பாளையம் இறங்கி, அங்கிருந்து கோவைக்கு இன்னொரு பஸ். டோக்கன் வாங்கி உட்கார்ந்தேன். என் முறை வந்ததும் கவுன்டரில் இருந்த தம்பி லேப்டாப்பை வாங்கி, மேசையில் இருந்த சார்ஜரைச் சொருகி, பவர் பட்டனை அழுத்தினார்.

"வைஃபை வருதுங்களே மேடம்?"

"ஆன் பண்ணா வரும் தம்பி. மூடி வெச்சுத் திறந்தாத்தான் வராது."

மூடினார். பத்து எண்ணுவதற்குள் திறந்தார். "இப்பவும் வருதுங்க."

"இவ்வளவு சீக்கிரம் திறந்தா வரும். ஒரு கால் மணி நேரம் மூடியே வைங்க."

"அவ்வளவு நேரம் கவுன்டர்ல வெக்க முடியாதுங்க மேடம். உள்ள குடுத்தர்றேன், இன்ஜினியர் பார்ப்பாங்க. சாயந்திரம் வாங்க."

சாயந்திரம் போனேன். ஜாப் ஷீட்டில் "வைஃபை செக்டு, நோ இஷ்யூ ஃபவுண்ட்" என்று அச்சாகியிருந்தது, அதன் கீழே பேனாவால் "கஸ்டமர் நெட்வொர்க் இஷ்யூ" என்று ஒரு வரி. வாரன்ட்டி முடிந்துவிட்டதால் பரிசோதனைக் கட்டணமும் கட்டச் சொன்னார்கள். மூடி வைத்துப் பார்த்தீர்களா, எவ்வளவு நேரம் வைத்தீர்கள் என்று கேட்டேன். கவுன்டரில் இருந்தவருக்குத் தெரியவில்லை, பார்த்த இன்ஜினியர் கிளம்பிவிட்டாராம். கடைசி பஸ்ஸை விட்டால் மேலே ஏற முடியாது. பணத்தைக் கட்டிவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து மூடியைத் திறந்தால் வைஃபை இல்லை.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. அங்கே வந்தது இங்கே ஏன் வரவில்லை என்று யோசித்தபோதுதான் அந்தச் சார்ஜர் ஞாபகத்துக்கு வந்தது. அங்கே முழு நேரமும் சார்ஜர் சொருகியிருந்தது. பஸ்ஸில் வந்தது பேட்டரியில். வீட்டில் கோளாறு வருவதும் கரண்ட் போகும்போது, அதாவது பேட்டரியில். உடனே எழுந்து சோதித்தேன். சார்ஜர் சொருகி அரை மணி நேரம் மூடி வைத்துத் திறந்தால் வைஃபை இருக்கிறது. சார்ஜரைக் கழற்றி அதே அரை மணி நேரம் வைத்தால் இல்லை. மறுபடியும் செய்து பார்த்தேன், அதே முடிவு. எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. லைன்காரர், கடை, சர்வீஸ் சென்டர் எவரும் கண்டுபிடிக்காத ஒன்று என் சமையலறை மேசையில் கண் முன்னால் நின்றது.

அதற்கப்புறம் வேலை வேகமாக நடந்தது. கட்டளைகளை அடிக்கும் ஜன்னலான கமாண்ட் பிராம்ப்ட்டில் பவர்சிஎஃப்ஜி என்று அடித்து, ஓர் இடம் விட்டு, சாய்கோடு போட்டு ஏ என்று (powercfg /a) கொடுத்தால் உங்கள் மெஷினில் எந்த வகை ஸ்லீப், அதாவது தூக்க நிலை, இருக்கிறது என்று சொல்லிவிடும். பழைய வகையின் பெயர் எஸ்3. அதில் மெமரிக்கு மட்டும் கரண்ட் போகும், மற்றதெல்லாம் ஏறக்குறைய அணைந்துவிடும். 2015இல் விண்டோஸ் 10 வந்தபோது மாடர்ன் ஸ்டாண்ட்பை என்ற வகையும் வந்தது. எஸ்0 லோ பவர் ஐடில் (S0 Low Power Idle) என்று காட்டினால் அதுதான். திரை அணைந்திருந்தாலும் மெஷின் முழுசாகத் தூங்குவதில்லை, கோழித் தூக்கம்தான். ஒவ்வொரு பாகமும் தன்னை இயக்கும் மென்பொருளான டிரைவர் சொல்கிறபடி தானே கரண்ட்டைக் குறைத்துக்கொண்டு, திறக்கும்போது தானே எழுந்துகொள்ள வேண்டும். டிரைவர் சரியில்லை என்றால் கார்டு எழாது. இந்த வகை மெஷின்களில் அந்தப் பவர் மேனேஜ்மென்ட் தாவல் பெரும்பாலும் தெரிவதில்லை என்பதும் அப்போதுதான் புரிந்தது.

இன்னொரு கட்டளையும் சொல்கிறேன், இதுதான் எனக்கு ஆதாரமாக நின்றது. அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்த கமாண்ட் பிராம்ப்ட்டில் நெட்ஷ், டபிள்யூலேன், ஷோ, டபிள்யூலேன்ரிப்போர்ட் என்ற நான்கு சொற்களை (netsh wlan show wlanreport) இடம் விட்டு அடித்தால், கடைசி மூன்று நாள் வைஃபை எப்போது வந்தது, எப்போது போனது, ஏன் போனது என்று பிரவுசரில் திறக்கிற ஓர் அறிக்கையாகத் தந்துவிடும். தவறுகள் சிவப்பு வட்டத்தில் இருக்கும். சர்வீஸ் சென்டருக்குப் போவதாக இருந்தால் இதை எடுத்துக்கொண்டு போங்கள். மூடித் திறப்பதை ஃபோனில் வீடியோவும் எடுத்துவிடுங்கள். வாய் வார்த்தையை அங்கே யாரும் எழுதிக்கொள்வதில்லை.

கார்டு செத்துக் கிடக்கும்போது டிவைஸ் மேனேஜரைப் பார்த்தால் மஞ்சள் முக்கோணம், உள்ளே பிழை எண் 10 (Code 10), அதாவது இந்தச் சாதனத்தைத் தொடங்க முடியவில்லை. அங்கேயே டிசேபிள் கொடுத்து மறுபடி எனேபிள் கொடுத்தேன், ரீஸ்டார்ட் இல்லாமலே வைஃபை வந்தது. அவசரத்துக்கு இது போதும். டிரைவர் தாவலில் தேதியைப் பார்த்தால் கோளாறு ஆரம்பித்த மாதத்தை ஒட்டிப் புது டிரைவர் ஏறியிருந்தது. பழையதற்குத் திரும்ப ரோல் பேக் பொத்தான் இருக்கும், என்னுடையதில் அது மங்கிக் கிடந்தது. ஆகவே தயாரிப்பாளரின் தளத்தில் மாடல் பெயர் கொடுத்துப் பழைய பதிப்பைத் தேட வேண்டியதாயிற்று.

இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது, விழுந்துவிடாதீர்கள். ஒரே மாடலுக்கு இரண்டு மூன்று வைஃபை டிரைவர்கள் போட்டிருப்பார்கள், ஏனென்றால் ஒரே மாடலில் வேறு வேறு கார்டுகள் வருகின்றன. பிராப்பர்ட்டீஸில் டீடெயில்ஸ் தாவலில் ஹார்ட்வேர் ஐடீஸ் என்று தேர்ந்தெடுத்தால் ஒரு நீள வரி வரும். அதில் வென் (VEN) என்ற மூன்று எழுத்துக்கு அடுத்து 8086 இருந்தால் இன்டெல், 10ஈசி (10EC) இருந்தால் ரியல்டெக், 14சி3 (14C3) இருந்தால் மீடியாடெக். அதைப் பார்த்துத்தான் கோப்பை எடுக்க வேண்டும்.

இன்னொன்று, கோப்பு கையில் இறங்கிச் சேரும் வரை இருக்கிற டிரைவரை நீக்கவே நீக்காதீர்கள். நீக்கும்போது டிரைவரையும் அகற்று என்ற டிக்கைப் போடவில்லை என்றால் அதே டிரைவர் திரும்ப வந்து உட்காரும், போட்டால் வைஃபையே இல்லாமல் நிற்க நேரலாம். அப்படி நின்றுவிட்டால் ஃபோனை சார்ஜர் ஒயரால் லேப்டாப்பில் இணைத்து யூஎஸ்பி டெதரிங் போடுங்கள், ஃபோனின் நெட் ஒயர் வழியே லேப்டாப்புக்கு வரும், அதற்கு வைஃபை கார்டு தேவையில்லை. எங்கள் வீட்டில் ஜன்னலோரம் மட்டும்தான் சிக்னல், ஆனாலும் ஒரு டிரைவர் இறங்க அது போதும்.

பழைய டிரைவரைப் போட்டு, ரீஸ்டார்ட் செய்தேன். கவனிக்க, ஷட்டவுன் இல்லை. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இருக்கிற விண்டோஸில் ஷட்டவுன் கொடுத்தால் உள்ளிருக்கும் நிலையின் ஒரு பகுதியைச் சேமித்து வைத்து அதையே திரும்ப எழுப்புகிறது, ரீஸ்டார்ட்தான் எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்குகிறது. அப்புறம் சார்ஜரைக் கழற்றி, மூடி வைத்து, ராத்திரி முழுக்க விட்டுவிட்டேன். காலையில் திறந்ததும் வைஃபை வந்தது, புளூடூத் மவுஸும் நகர்ந்தது. வாய்விட்டே சிரித்தேன், அம்மா அடுப்படியிலிருந்து என்ன என்று எட்டிப் பார்த்தார்.

புது டிரைவர் தானாகத் திரும்ப ஏறும் வாய்ப்பு இருக்கிறது. விண்டோஸ் 11இல் அப்டேட்டை ஐந்து வாரம் வரை நிறுத்தி வைக்கலாம், அதற்கு மேல் விட மாட்டார்கள். பழைய டிரைவர் கோப்பைப் பென்டிரைவில் வைத்திருக்கிறேன். இவ்வளவு தூரம் போக நேரமில்லாதவர்கள், கன்ட்ரோல் பேனலின் பவர் ஆப்ஷன்ஸில் மூடியை மூடினால் ஸ்லீப்புக்குப் பதில் ஹைபர்னேட் என்று மாற்றிவிடுங்கள், அதாவது திறந்திருக்கும் வேலையை டிஸ்க்கில் சேமித்துவிட்டு மெஷின் அணைந்துவிடும். எழுவதற்குக் கொஞ்சம் கூடுதல் நேரம் ஆகும், ஆனால் கார்டு புதிதாகத் தொடங்கும், பேட்டரியும் அப்படியே இருக்கும். மழை நாளில் நமக்கு அது இரட்டை லாபம்.

வைஃபை இணைந்தது என்று காட்டி, நெட் மட்டும் வராமல், ஐபி முகவரி 169.254 என்று ஆரம்பித்தால் அது வேறு நோய். ரவுட்டரிடமிருந்து முகவரி கிடைக்கவில்லை என்று பொருள், நான் சொன்ன வைத்தியம் அதற்குச் செல்லாது.

அறிக்கையையும் வீடியோவையும் இணைத்து, சார்ஜரோடு ஒரு முறையும் சார்ஜர் இல்லாமல் ஒரு முறையும் செய்த சோதனையை விவரமாக எழுதி, லேப்டாப் நிறுவனத்துக்கு மெயில் அனுப்பினேன். பரிசோதனைக் கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டும், ஜாப் ஷீட்டில் உள்ள அந்தப் பேனா வரியை நீக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். அருகிலுள்ள சர்வீஸ் சென்டருக்கு லேப்டாப்பைக் கொண்டு வரும்படி பதில் வந்திருக்கிறது. போக மாட்டேன் என்று எழுதிவிட்டேன், பணத்துக்கு இன்னும் பதில் இல்லை.