வலி இருக்கும் இடமும் வாங்க வேண்டிய மவுஸும்

புத்தகப் பக்க வடிவமைப்பு கண்ணும் ரசனையும் சார்ந்த வேலை என்று வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குத் தோன்றலாம். ஆனால் அதன் சுமையில் பெரும்பங்கை மவுஸைப் பிடித்திருக்கும் கைதான் தாங்குகிறது. படச்சட்டத்தைப் பிடித்து இழுப்பது, பத்தியின் ஓரத்தை மயிரிழை அளவுக்கு நகர்த்துவது, நூற்றுக்கணக்கான பக்கங்களை உருட்டிக்கொண்டே போய் ஒவ்வொரு தலைப்பின் இடைவெளியையும் சரிபார்ப்பது என எல்லாவற்றுக்கும் மவுஸ் வேண்டும். எங்கள் பணியிடத்தில் சிலருக்குக் கைவலி தொடங்கி, எல்லோருக்கும் புதிய மவுஸ் வாங்கலாம் என்று முடிவானபோது, எதை வாங்குவது என்று பார்த்துச் சொல்லும் பொறுப்பு எனக்கு வந்தது. பெட்டியின்மேல் 'எர்கோனமிக்' (உடலுக்கு இதமானது) என்று அச்சிடப்பட்டிருப்பது ஏறக்குறைய எதையும் உறுதிப்படுத்துவதில்லை என்பதும், யாருக்கு எந்த அசைவு வலியைத் தருகிறதோ அந்த அசைவைக் குறைக்கும் மவுஸ்தான் அவருக்கு ஏற்றது என்பதும் அந்தத் தேடலில் எனக்குத் தெளிவாயின.

எனவே விலைப்பட்டியலைப் பார்ப்பதற்கு முன், எங்கே வலிக்கிறது என்று ஒவ்வொருவரிடமும் கேட்டேன். பதில்கள் ஒன்றுபோல் இல்லை. ஒருவருக்குக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் இரவில் மரத்துப்போயின. சுண்டுவிரல் மட்டும் நன்றாக இருந்தது. இது கவனிக்க வேண்டிய அடையாளம். மணிக்கட்டின் உட்புறத்தில் எலும்புகளுக்கும் ஒரு தடித்த தசைநார்ப் பட்டைக்கும் நடுவே குறுகலான பாதை ஒன்று உண்டு. விரல்களை மடக்கும் ஒன்பது தசைநாண்களும் ஒரு முக்கிய நரம்பும் அதன் வழியாகவே உள்ளங்கைக்குச் செல்கின்றன. அந்த நரம்பு கட்டைவிரல் பக்கத்து விரல்களுக்கு உணர்ச்சியைத் தருகிறது. சுண்டுவிரலுக்கான நரம்பு வேறு வழியாகப் போகிறது. மணிக்கட்டை மேல்நோக்கி வளைத்தபடி நெடுநேரம் வைத்திருந்தால் அந்தப் பாதைக்குள் அழுத்தம் கூடும். இப்படி மரத்துப்போகிறவர் முதலில் பார்க்க வேண்டியது மருத்துவரைத்தான். மவுஸ் மாற்றம் துணை செய்யலாமே தவிர சிகிச்சை ஆகாது என்பதை அந்த நண்பரிடம் வற்புறுத்திச் சொன்னேன்.

இன்னொருவருக்கு வலி முன்கையின் மேற்புறத்தில், முழங்கையை ஒட்டி இருந்தது. அவர் வேலை செய்வதைச் சற்று நேரம் பார்த்ததும் காரணம் புலப்பட்டது: தவறுதலாக அழுத்திவிடக் கூடாது என்பதற்காக, சொடுக்காத நேரத்திலும் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் பொத்தான்களுக்கு மேலே அந்தரத்தில் தூக்கியே வைத்திருந்தார். விரலைத் தூக்கிப் பிடிக்கும் தசைகள் முன்கையின் மேற்புறத்தில் இருப்பதால், நாள் முழுவதும் அவற்றுக்கு ஓய்வே இல்லை. மூன்றாமவருக்குத் தோள்பட்டை. அவருடைய கீபோர்டின் வலப்புறத்தில் எண் விசைகள் தனிப் பகுதியாக இருந்ததால் மவுஸ் வெகுதூரம் தள்ளிப்போய், கை எப்போதும் உடலைவிட்டு விலகியே இருந்தது. எண் விசைகள் இல்லாத குட்டையான கீபோர்டு ஒன்றை வைத்ததும் மவுஸ் தோளுக்கு நேராக வந்துவிட்டது. அவருக்குப் புதிய மவுஸ் தேவைப்படவே இல்லை.

கடைகளில் இப்போது அதிகம் கண்ணில் படுவது செங்குத்து மவுஸ். சாதாரண மவுஸைப் பிடிக்கும்போது உள்ளங்கை மேசையைப் பார்க்கிறது; அதற்காக முன்கையின் இரண்டு எலும்புகளில் ஒன்று மற்றொன்றின்மேல் குறுக்காகத் திரும்ப வேண்டியிருக்கிறது. செங்குத்து மவுஸில் கை ஏறக்குறைய கைகுலுக்கும் நிலையில் இருப்பதால் அந்தத் திருகல் குறைகிறது. லாஜிடெக் நிறுவனத்தின் 'எம்எக்ஸ் வெர்டிகல்' 57 பாகைச் சாய்வு கொண்டது. எடை 135 கிராம். இப்படிப்பட்ட மவுஸைத் தள்ளுவதற்கு மணிக்கட்டை மட்டும் ஆட்டினால் போதாது, முழங்கையிலிருந்தே கை நகர வேண்டும். வலிக்கு இது நல்லது. மயிரிழை வேலைக்கு அவ்வளவு நல்லதன்று. சட்டத்தின் மூலையைச் சரியாகப் பிடிக்க ஆரம்பத்தில் எல்லோருமே தடுமாறினார்கள். இன்னொரு குறையை விளம்பரங்களில் நான் பார்த்ததில்லை: பொத்தான் பக்கவாட்டில் இருப்பதால் ஒவ்வொரு சொடுக்கும் மவுஸையே நகர்த்தப் பார்க்கும், அது நகராமல் இருக்க எதிர்ப்பக்கத்திலிருந்து கட்டைவிரல் அழுத்திப் பிடிக்கும். பொத்தான் கடினமானதாக இருந்தால் மணிக்கட்டு வலி கட்டைவிரலுக்கு இடம் மாறிவிடும். ஆகவே செங்குத்து மவுஸ் வாங்குகிறவர்கள் சாய்வைவிடப் பொத்தானின் மென்மையைக் கூர்ந்து பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

டிராக்பால் வேறு வகை. கருவி அசையாமல் இருக்கும். பந்து மட்டும் உருளும். இது மவுஸைவிட மூத்தது: 1950களின் தொடக்கத்தில் கனடா கடற்படைக்காக உருவாக்கப்பட்ட ஒரு கருவியில் கட்டைகளை உருட்டி வீழ்த்தும் 'பௌலிங்' விளையாட்டின் பந்தையே பயன்படுத்தினார்கள். மேசையில் இடம் குறைவாக உள்ளவர்களுக்கும் தோள்வலி உள்ளவர்களுக்கும் டிராக்பால் பெரிதும் உதவும். ஆனால் பந்தைக் கட்டைவிரலால் உருட்டும் வகையா, நடுவில் பந்து வைத்து மற்ற விரல்களால் உருட்டும் வகையா என்பது முக்கியம். கைப்பேசித் திரையிலும் கட்டைவிரலையே ஓயாமல் ஓட்டுகிறவர்களுக்கு முதல் வகையை நான் பரிந்துரைக்க மாட்டேன். கட்டைவிரலின் அடியிலுள்ள தசைநாண்களுக்கு இரட்டை வேலை ஆகிவிடும். பொத்தானை அழுத்திக்கொண்டே பந்தை உருட்டி இழுப்பது எங்கள் வேலையில் சிரமமாகத்தான் இருந்தது. விண்டோஸில் 'கிளிக்லாக்' என்றொரு வசதி உண்டு. அதை இயக்கிவிட்டால் பொத்தானைச் சிறிது நேரம் அழுத்தி விட்டதும் அது அழுந்திய நிலையிலேயே இருப்பதாகக் கணினி கொள்ளும், விரலை எடுத்துவிட்டு இழுக்கலாம். இழுப்பதே பிழைப்பாக உள்ளவர்கள் எந்த மவுஸ் வைத்திருந்தாலும் இதை ஒருமுறை முயன்று பார்க்கலாம்.

அளவைப் பற்றிப் பேசுவதற்கு அதிகம் இல்லை, ஆனால் அதைத் தவறவிட்டால் மற்ற எல்லாம் வீண். மணிக்கட்டு மடிப்பிலிருந்து நடுவிரல் நுனிவரை கையை அளந்து, அதற்கேற்ப மவுஸின் நீளத்தைப் பார்க்க வேண்டும். சிறிய மவுஸைப் பெரிய கை கொக்கிபோட்டுப் பிடிக்கும். பெரிய மவுஸைச் சிறிய கை எட்டி எட்டிப் பிடிக்கும். மேலே சொன்ன 'எம்எக்ஸ் வெர்டிகல்' சிலருடைய கைக்குப் பெரிதாக இருந்ததால், அதே நிறுவனத்தின் 'லிஃப்ட்' என்ற சிறிய வடிவத்தை அவர்களுக்கு வாங்கினோம். அதில் இடக்கைக்கான வடிவமும் இருப்பது, அதுவரை வலக்கை மவுஸோடு போராடிய ஒரு தோழிக்குப் பெரிய ஆறுதல். வலக்கைக்கென்று வளைத்த மவுஸை எல்லோருக்கும் மொத்தமாக வாங்கிக் கொடுக்கும் அலுவலகங்கள் இடக்கைக்காரர்களை நினைப்பதே இல்லை. இருபுறமும் ஒத்த வடிவமுள்ள சாதாரண மவுஸே அவர்களுக்கு எவ்வளவோ மேல்.

கருவியின் பெயரால் நாம் மறந்துவிடும் ஒன்று உண்டு. 1968 டிசம்பர் 9 அன்று அதை உருவாக்கிய அமெரிக்கப் பொறியாளர் டக்ளஸ் எங்கல்பார்ட் மவுஸை முதன்முதலாகப் பெரிய அவைமுன் காட்டியபோது, அவருடைய வலக்கையில் மவுஸும் இடக்கையின் கீழ் ஐந்து விசைகள் கொண்ட சிறு பலகையும் இருந்தன; கட்டளைகளை ஒரு கை கொடுக்க, இடத்தை மறு கை சுட்டியது. அந்த ஐந்து விசைப் பலகை வழக்கொழிந்துபோக, இரண்டு கைகளின் வேலையும் ஒரே கைமேல் விழுந்தது. கீபோர்டின் குறுக்கு விசைகளை (ஷார்ட்கட்) இடக்கைக்குப் பழக்கினால் அந்தப் பங்கீட்டில் ஒரு பகுதியாவது திரும்பக் கிடைக்கும். பெரிதாக்குவதற்கும் பக்கம் தாவுவதற்கும் பத்தி வடிவை மாற்றுவதற்கும் மவுஸைத் தொடாமலிருக்கக் கற்றுக்கொண்டவர்களுக்கு ஏற்பட்ட நிம்மதி, புதிய மவுஸ் கிடைத்தவர்களின் நிம்மதிக்குக் குறைந்ததாக எனக்குத் தெரியவில்லை.

திரையில் நகரும் சுட்டியின் வேகத்தைச் சற்றே கூட்டி வைத்தால் கை நகரும் தூரம் குறையும். மிகக் கூட்டினால் இலக்கைப் பிடிக்க விரல்கள் இறுகும். மணிக்கட்டுக்கு அடியில் வைக்கும் திண்டுகள் எனக்கு உடன்பாடில்லை. நரம்பு போகும் இடத்தையே அவை அழுத்துகின்றன, முன்கை மேசையின்மேல் படிந்திருந்தால் போதும். எப்படியானாலும் புதிய வடிவத்துக்குக் கை பழக ஓரிரு வாரங்கள் ஆகும் என்பதால், முதல் நாளிலேயே தீர்ப்புச் சொல்ல வேண்டாம் என்றும், திருப்பித் தர வசதியுள்ள கடையில் மட்டுமே வாங்க வேண்டும் என்றும் என் பரிந்துரையில் எழுதினேன். ஒரே மாதிரியை மொத்தமாக வாங்கினால் கணக்கு எளிது என்று கொள்முதல் பிரிவினர் முதலில் தயங்கினார்கள். ஆளுக்கொரு பெயரும் அவருக்கு எதிரே வலி இருக்கும் இடமும் அதற்கு ஏற்ற கருவியும் எழுதிய பட்டியலைக் காட்டியதும், சிலருக்கு எதுவுமே வாங்க வேண்டியதில்லை என்பதைப் பார்த்து ஒப்புதல் கொடுத்துவிட்டார்கள்.