மல்லாரியோடு நடக்க: செட்டிநாட்டு வீதிகளில் ஊர்வல இசை

செட்டிநாட்டுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் வீடு பார்க்கத்தான் வருகிறார்கள். கானாடுகாத்தான் அரண்மனை, ஆத்தங்குடி டைல்ஸ், பர்மாத் தேக்குத் தூண், மதியம் வாழை இலையில் ஒரு சாப்பாடு, பிறகு சாயங்கால வண்டி. தெருவைக் கவனிப்பவர்கள் குறைவு. இங்கே தெருக்கள் நேராகவும் அகலமாகவும் போகின்றன. வீட்டின் முகப்பு ஒரு தெருவில் இருக்கும், பின்கட்டுக் கதவு அடுத்த தெருவில் திறக்கும். இரு பக்கமும் உயர்ந்த சுவர்கள் இடைவெளியில்லாமல் நீளும். இப்படிப்பட்ட தெருவில் ஒரு தவில் ஒலித்தால் சுவர் அதை விடாது, திருப்பி அனுப்பிக்கொண்டே இருக்கும். இந்தத் தெருவை வெறிச்சோடிய மத்தியானத்தில் பார்ப்பது, மேளக்காரர் இல்லாத கல்யாண வீட்டைப் பார்ப்பதுபோல. திருவிழா நாளாகப் பார்த்து வாருங்கள், சாமி புறப்பாட்டுக்கு நாகசுரத்தில் வாசிக்கும் மல்லாரியோடு நடங்கள்.

எந்தத் திருவிழா? பிள்ளையார்பட்டியில் விநாயகர் சதுர்த்தி பத்து நாள் விழா, ஒன்பதாம் நாள் தேர். குன்றக்குடி சண்முகநாதருக்குத் தைப்பூசமும் பங்குனி உத்திரமும். காரைக்குடியில் கொப்புடையம்மனுக்குச் செவ்வாய்ப் பெருந்திருவிழா, மீனாட்சிபுரம் முத்துமாரியம்மனுக்கு மாசி பங்குனியில் பால்குடம். சென்னையிலிருந்து பல்லவன் ரயில் காரைக்குடி வரை வருகிறது. மதுரையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் அடிக்கடி பஸ் உண்டு. காரைக்குடியில் தங்கினால் குன்றக்குடி சுமார் 10 கிலோமீட்டர், அங்கிருந்து பிள்ளையார்பட்டி பக்கம்தான்.

இனி மேளம். சாமி வாசலுக்கு வருவதற்கு முன்னால் தவில் மட்டும் தனியாகப் பேசும், அதற்கு அலாரிப்பு என்று பெயர். அது கேட்டதும் வாசலில் நிற்கும் கூட்டம் தானாக நகர்ந்து வழிவிடும். அலாரிப்பு முடிந்த கையோடு நாகசுரத்தில் மல்லாரி கிளம்பும். மல்லாரிக்குப் பாட்டு வரி கிடையாது, முழுக்கத் தாளச் சொற்கட்டின் மேல் கட்டியது. ராகம் கம்பீர நாட்டை: ச, க, ம, ப, நி என்று ஐந்தே சுரங்கள். இடையில் ரிஷபமும் தைவதமும் இல்லாததால் சுரத்துக்குச் சுரம் தாவல் பெரிது. வெடிச்சத்தம், மணிச்சத்தம், ஆயிரம் பேர் பேச்சு எல்லாவற்றையும் தாண்டி அது தெருமுனை வரை தெளிவாகக் கேட்பதற்கு அந்தத் தாவலும் ஒரு காரணம் என்பது என் எண்ணம். கமகம் என்கிற நுணுக்கமான சுர அசைவு கூட்டத்தில் கரைந்துவிடும், தாவல் கரையாது.

ஒரே உருப்படியை மூன்று காலத்திலும் வாசிப்பார்கள். முதலில் நிதானமாக, பிறகு இரட்டிப்பாக, அதன்பின் அதற்கும் இரட்டிப்பாக, நடுவில் மூன்று மூன்றாகப் பிரியும் திஸ்ரமாகவும் மாற்றி. தாளம் போடுபவரின் கை ஒரே வேகத்தில் இருக்கும், நாகசுரம் மட்டும் உள்ளுக்குள் அடர்ந்துகொண்டே போகும். முதல்முறை கேட்பவர்களுக்கு இசை வேகம் பிடித்துவிட்டது போலத் தோன்றும். ஜால்ராவைப் பாருங்கள், அது மாறியிருக்காது. மல்லாரியிலும் வகைகள் உண்டு. மடைப்பள்ளியிலிருந்து நைவேத்தியம் வரும்போது தளிகை மல்லாரி, தீர்த்தம் கொண்டுவரும்போது தீர்த்த மல்லாரி, தேருக்குத் தேர் மல்லாரி. உள்ளூர்ப் பெரியவர் ஒருவர் கண்ணை மூடிக்கொண்டே இப்போது கோயிலுக்குள் என்ன நடக்கிறது என்று சொல்லிவிடுவார்.

நம் தலைமுறைக்கு நடைக்கான இசை என்றால் முதலில் பழக்கமாவது பள்ளிக்கூட பேண்டும் என்.சி.சி. அணிவகுப்பும்தான். அங்கே கணக்கு வேறு. நிமிடத்துக்கு 120 காலடி, ஒரு காலடிக்கு 30 அங்குலம். பெரிய டிரம்மின் அடி இடது காலில் விழவேண்டும், சைடு டிரம் நடுவில் நிரப்பும். இதில் அடிக்கடி கெடுவது பின்வரிசை. ஒலி நொடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர்தான் போகும். டிரம்மிலிருந்து 30 மீட்டர் பின்னால் நடப்பவருக்கு அடி வந்து சேர 0.09 நொடி ஆகிறது. 120 வேகத்தில் ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் இடையே இருப்பதே அரை நொடி, அதில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அங்கேயே போய்விடுகிறது. காதை நம்பினால் கால் பிந்தும். அதனால்தான் பின்வரிசைக்காரர் டிரம்மைக் கேட்பதைவிட முன்னால் இருப்பவரின் குதிகாலைப் பார்த்து நடக்கப் பழகவேண்டும். திருப்பத்தில் இன்னொரு சிக்கல்: உள்பக்கம் நடப்பவர் அடியைச் சுருக்க வேண்டும், வெளிப்பக்கம் நடப்பவர் நீட்ட வேண்டும், தாளம் மட்டும் அசையக்கூடாது. சொந்தக் காலை வரிசைக்கு ஒப்புக்கொடுத்தால்தான் அங்கே இடம்.

சாமி ஊர்வலத்தில் அந்த வேகத்தில் பாதிகூட இருக்காது, காலும் யாருக்கும் ஒன்றாக விழாது. பாட்டி ஒருத்தி இரண்டு அடி வைக்கும் நேரத்தில் பேரன் ஆறு அடி ஓடியிருப்பான். அப்படியானால் வேகத்தை வைப்பது யார்? தோள் கொடுப்பவர்கள். சாமி தூக்குபவர்களின் தோளில் தண்டு அழுந்தும்போது அவர்கள் எவ்வளவு நடக்க முடியுமோ அவ்வளவுதான் மேளம் நடக்கும். மேளம் முந்தினால் சாமிக்கும் மேளத்துக்கும் நடுவில் இடைவெளி விழும், அந்த இடைவெளியில் கூட்டம் புகுந்துவிடும், பிறகு ஊர்வலம் இரண்டாகும். அதனால் நல்ல தவில்காரர் நாலு அடிக்கு ஒரு தரம் திரும்பி, தூக்குபவர்களின் முகத்தைப் பார்த்துக்கொள்வார். வியர்த்து வழிந்தால் ஓரிடத்தில் நிறுத்தி ஆலாபனைக்கு விட்டுவிடுவார்கள். தண்டுக்குக் கீழே தாங்கு கட்டை வைத்துத் தோளை ஆற்றிக்கொள்ள அது நேரம். கேட்பவர்களுக்குத் தோடி ராகமோ கல்யாணி ராகமோ கிடைக்கும். வாசிப்பவர் விருப்பம் என்று நாம் நினைக்கும் அந்த நீண்ட ஆலாபனைக்குள் பத்துப் பேரின் தோள்வலி இருக்கிறது. இந்த இசையில் எனக்கு மிகப் பிடித்தது இதுதான்: சுமப்பவருக்காக அது காத்து நிற்கிறது.

தேர் என்றால் காத்திருப்பு இன்னும் கடினம். வடம் பிடிப்பவர்கள் நூற்றுக்கணக்கில், சக்கரத்தை நிறுத்துவதும் திருப்புவதும் முட்டுக்கட்டை போடும் சிலர் கையில். மூலையில் தேர் திரும்ப வேண்டுமானால் ஒரு பக்கச் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து மறுபக்கத்தை இழுக்க விடுவார்கள். கட்டை ஒரு கணம் தாமதமாக விழுந்தால் தேர் சுவரை நோக்கிப் போகும். அதனால் தேர் திரும்பும் மூலையில் நின்று கேட்க ஆசைப்படாதீர்கள். முட்டுக்கட்டைக்காரர் பக்கத்தில் ஒருபோதும் நிற்கக்கூடாது.

நிற்பதற்குச் சரியான இடம் எது என்றால், நாகசுரக்காரருக்குப் பக்கவாட்டில் சற்று முன்னால், பத்தடி தள்ளி. நேர் எதிரே நின்றால் நாகசுரத்தின் விரிந்த அடிமுனையான அணசு உங்கள் காதில் ஊதும், தவில் கேட்காது. சாமிக்குப் பின்னால் போனால் மேளம் மங்கி, அங்கே பாடிவரும் திருமுறை கேட்கும். சிவன் கோயில் ஊர்வலத்தில் முன்னே மேளம், பின்னே தேவாரம். ஒரு சுற்று முன்னால், ஒரு சுற்று பின்னால் என்று நடந்தால் இரண்டும் கிடைக்கும். செருப்பைத் தங்கும் இடத்திலேயே விட்டுவிடுங்கள், சித்திரை வைகாசியில் பகல் ஊர்வலமானால் தார்ச்சாலை காலைப் பொசுக்கும் என்பதால் இரவுப் புறப்பாட்டைத் தேர்ந்தெடுங்கள். படம் எடுப்பவர்கள் தவில்காரரின் இடக்கைப் பக்கம் ஒட்டி நடக்க வேண்டாம், அங்கே குச்சி வீசும்.

வாத்தியத்தை அருகில் பார்க்கக் கிடைத்தால் பாருங்கள். நாகசுரத்துக்கு நாலு பாகம்: வாயில் வைக்கும் சீவாளி, அது பொருந்தும் கெண்டை, விரல் ஓடும் உலவு, அடியில் விரியும் அணசு. உலவு ஆச்சா மரம், அதைக் கடைவதில் பேர்பெற்ற ஊர் கும்பகோணம் பக்கத்து நரசிங்கம்பேட்டை. 2022-இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. சீவாளி காவிரிக்கரையில் வளரும் கொறுக்கை என்ற நாணலில் செய்வது. விரலுக்கு ஏழு துளைகள், அவை போக ஒலியைச் சரிசெய்ய அடிப்பக்கத்தில் ஐந்து துளைகள். அந்த ஐந்தில் சிலவற்றை மெழுகால் அடைத்துச் சுருதி சேர்ப்பார்கள். பழைய திமிரி நாகசுரம் குட்டை, சுருதி உச்சம். இன்று பரவலாக இருக்கும் பாரி நீளம், சுருதி தாழ்ந்தது.

ஊர்வலத்தில் முதலில் காலை வாருவது சீவாளிதான். செட்டிநாட்டு வறண்ட காற்றில் ஐந்து நிமிடம் வாயிலிருந்து எடுத்தால் காய்ந்துவிடும், காய்ந்தால் ஒலி வராது அல்லது பிசிறும். மிக ஊறிப்போனாலும் சுருதி இறங்கும். நாகசுரத்தில் நூலில் கட்டித் தொங்கும் சின்னச் சின்னச் சீவாளிகள் அலங்காரத்துக்கு இல்லை, மாற்றிக்கொள்ள. கூடவே தொங்கும் ஊசி சீவாளியின் வாயைத் திறந்து சரிசெய்ய. தவிலுக்குப் பலாமரக் கட்டை. வலப்பக்கத் தோலான வலந்தலை இறுக்கம், இடப்பக்கத் தோலான தொப்பி தளர்வு. வலக்கை விரல்களில் துணியைப் பசை தடவிச் சுற்றி இறுகக் காயவைத்த கூடு, இடக்கையில் குச்சி. முன்பு வாரால் இழுத்துக் கட்டினார்கள், இப்போது இரும்பு வளையமும் போல்ட்டும். வெயிலில் தோல் இறுகிச் சுருதி ஏறும், பனியில் தொய்யும். இரவுப் புறப்பாட்டில் பாதி வழியில் ஸ்பேனர் எடுத்து முடுக்குவதைப் பார்க்கலாம். பறைக்கு முடுக்க ஆணி கிடையாது, வைக்கோலைக் கொளுத்தித் தோலைக் காய்ச்சத்தான் வேண்டும். அதிக நேரம் காட்டினால் தோல் வெடிக்கும். அடிக்குச்சி தடித்தது, சிம்புக்குச்சி மெலிந்து நீண்டது. மாரியம்மன் விழாக்களில் பால்குடத்துக்கு முன்னால் பறையும் உறுமியும் போகும்போது கால் சும்மா இருக்காது.

அந்தப் பறையை வாசித்தவர்களே பல ஊர்களில் தேர் வடத்தைத் தொட முடியாமல் இருந்தார்கள் என்பதையும் இதே கட்டுரையில் சொல்லத்தான் வேண்டும். தேவகோட்டைக்கு அருகே கண்டதேவி சொர்ணமூர்த்தீசுவரர் கோயிலில் ஆனித் தேர். யார் வடம் பிடிப்பது என்ற சாதித் தகராறில் அந்தத் தேர் பல ஆண்டுகள் ஓடாமல் நின்றது. 2024 ஜூனில், உயர் நீதிமன்ற வழக்குக்குப் பிறகு, போலீஸ் பாதுகாப்போடு மறுபடி ஓடியது. கண்டதேவிக்குப் போகிறவர்கள் தேர்ச்சக்கரத்தை மட்டும் படம் எடுத்துத் திரும்பவேண்டாம். வடத்தின் நீளத்தைப் பாருங்கள். எத்தனை கைக்கு இடமிருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.

வாத்தியமே இல்லாமல் நடக்கும் இசையும் இங்கே உண்டு. தைப்பூசத்துக்கு முன் நகரத்தார் காவடிகளும் அவற்றோடு பல ஊர்க்காரர்களும் குன்றக்குடி வழியாகப் பழனிக்கு நடக்கிறார்கள். சிங்கம்புணரி, நத்தம் வழியாக ஏறக்குறைய 150 கிலோமீட்டர், ஒரு வாரம் போல ஆகும். வழியெல்லாம் பாட்டு. ஒருவர் ஒரு வரி எடுப்பார், மற்றவர்கள் திருப்பிச் சொல்வார்கள். காவடிச்சிந்தின் நடை பெரும்பாலும் திஸ்ரம். தகிட, தகிட என்று மூன்று மூன்றாகப் போவதால் அழுத்தம் ஒருமுறை வலது காலில் விழுந்தால் அடுத்தமுறை இடது காலில் விழும். ஒரே கால் அலுத்துப்போகாது. சேர்ந்து நடக்க விரும்பும் இளைஞர்கள் ஒரு மாதத்துக்கு முன்பிருந்தே தினம் நடந்து பழகட்டும். புதுச்செருப்பும் ஈரச் சாக்ஸும் கொப்புளத்துக்கு வழி. பாட்டைத் தொடக்கத்திலேயே கத்திப் பாடினால் நத்தம் வருவதற்குள் தொண்டை கட்டிவிடும். மூச்சு வாங்கும்போது பாடுவதை விட்டு, பதில் வரியில் மட்டும் சேர்ந்துகொள்ளுங்கள். கூட்டம் உங்களுக்கும் சேர்த்துப் பாடும். மூன்றாம் நாள்தான் கடினம், அன்று மாலை யாராவது பாட்டைத் தொடங்கியதும் உட்கார்ந்தவர்கள் எழுந்திருப்பதைப் பார்க்கலாம். நம்பிக்கை என்ற சொல்லை எனக்கு யாராவது படம் வரைந்து காட்டச் சொன்னால் அந்த எழுந்திருத்தலைத்தான் வரைவேன்.

குன்றக்குடியிலேயே பிறந்தவர்தான் வயலின் மேதை குன்னக்குடி வைத்தியநாதன் (1935–2008). கச்சேரி மேடையில் வயலினுக்குப் பக்கத்தில் வலையப்பட்டி சுப்பிரமணியத்தின் தவிலை உட்கார வைத்தார். தெருவுக்கு உரியது என்று பலர் நினைத்த வாத்தியம் சபாவில் வயலினோடு ஒலித்தது.

கேட்டபின் கற்க ஆசை வந்தால் சிவகங்கையில் மாவட்ட அரசு இசைப்பள்ளி இருக்கிறது. நாகசுரம், தவில், தேவாரம் மூன்றும் அங்கே பாடங்கள், மூன்றாண்டுப் படிப்பு. நாகசுரத்தில் ஆரம்ப மாதங்கள் ஒலி வரவழைக்கவே போகும், கன்னம் வலிக்கும். தவிலில் முதலில் வாயால் சொற்கட்டு, பிறகுதான் கை. கூடு போட்ட விரல்நுனி முதலில் வீங்கும், தோல் தடித்ததும் அடங்கும்.

ஊர்வலம் முடிந்ததும் கிளம்பிவிடாதீர்கள். சாமி உள்ளே போனபின் பள்ளியறைக்கு நீலாம்பரி ராகம் வாசிப்பார்கள். கூட்டம் கலைந்து, ஐஸ் வண்டிக்காரர் மணியைக்கூட நிறுத்திவிட்ட நேரம் அது. தவில் குச்சியை வைத்துவிட்டு விரலால் மட்டும் மெல்லத் தொடும். அது முடிந்ததும் நாகசுரக்காரர் சீவாளியைக் கழற்றி, உதறி, துணியில் துடைத்து, நூலில் கட்டுவார்.